எங்கள் ஏற்றுமதி வக்கீல்: வேலை கொடுத்துப் பார்த்தவரின் மதிப்பீடு

பன்னாட்டு வணிகச் சட்டம் பார்க்கும் வக்கீலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? ஒன்றை முதலில் கவனியுங்கள். அவர் உங்கள் சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிறாரா, உங்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறாரா என்று பாருங்கள். எங்களுக்கு அமைந்தவர் இரண்டையும் செய்தார். ஒரு ஆன்டி டம்பிங் விசாரணையில் (உள்நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பதாக வரும் புகார் மீதான விசாரணை) எங்கள் தொழிற்சாலை தாக்குப்பிடித்து நின்றதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் ஃபிட்டிங், அதாவது குழாய்களை இணைக்கும் உறுப்புகள், செய்கிறவர்கள். எல்போ, டீ, ரெட்யூசர், ஃபிளாஞ்ச். உற்பத்தியைத் தம்பி பார்க்கிறான், ஏற்றுமதியும் கணக்கும் என் பொறுப்பு. சரக்கில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது. வக்கீலின் பெயரையோ அலுவலகத்தையோ இங்கே எழுதப் போவதில்லை. விசாரணைக் கோப்பில் எங்கள் விலை விவரம் இருக்கிறது, பெயர் வெளியே வந்தால் நாங்கள் யார், எங்களிடம் வாங்குகிறவர் யார் என்று தொழிலில் இருப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வக்கீல் எதற்குத் தேவை, அவரிடம் என்ன எதிர்பார்க்கலாம், எங்கே கை கடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவருக்கு முன்பு இன்னொருவரிடம் பேசினோம். ஒரு மணி நேரம் நன்றாகப் பேசினார், ஒப்பந்த விதிகளை வரிசை எண்ணோடு சொன்னார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கேட்கவே இல்லை. இவரோ முதல் சந்திப்புக்கே, "விற்பனையில் எது அதிகம் போகுதோ அதில் நாலைந்து பீஸ் எடுத்துட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். மேசையில் வைத்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வெல்டிங் எங்கே வரும், மரை எங்கே ஓடும், எந்த கிரேடு, முனையைச் சரிவாகச் சீவுவது எதற்கு என்று கேட்டுக்கொண்டே எழுதினார். அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தொட்டார்.

நாங்கள் கொடுத்த முதல் வேலை, சரக்கு எந்த வகை என்று காட்டும் சுங்க எண் பற்றியது. எச்.எஸ். கோடு என்று நாம் சொல்லும் அந்த எண் வரிசை பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பின் ஏற்பாடு, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் இலக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் சரக்கு 7307-இல் வருகிறது. ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்ச் 7307.21, மரை போட்ட எல்போ 7307.22, முனையோடு முனை வைத்துப் பற்றவைக்கும் பட் வெல்டு 7307.23. பம்ப் செய்யும் ஒரு வாடிக்கையாளர், தன் பம்புக்கென்றே அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன ஃபிட்டிங்கை இயந்திர உதிரிபாகம் என்று போட்டு அனுப்பும்படி நெருக்கினார். அவர் நாட்டில் அதற்கு வரி குறைவு. வக்கீலம்மா அரைப் பக்கத்தில் பதில் கொடுத்தார்: 7307-இல் வரும் பொருள்களை அந்த அட்டவணையின் 15-ஆம் பிரிவின் குறிப்பே பொதுப் பயன்பாட்டு உதிரிபாகம் என்று வகுத்து வைத்திருக்கிறது. இயந்திரங்களுக்கான 16-ஆம் பிரிவு அவற்றைச் சேர்க்காமல் வெளியே தள்ளுகிறது. எந்த இயந்திரத்துக்குப் போனாலும் பைப் ஃபிட்டிங் பைப் ஃபிட்டிங்தான். நம்பாவிட்டால் அவர் நாட்டுச் சுங்கத்திடமே முன்கூட்டியே எழுத்துத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளட்டும், 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வணிக எளிதாக்க உடன்பாட்டின்படி அதற்கு வழி இருக்கிறது என்று சேர்த்து எழுதினார். வாடிக்கையாளர் வாங்கினார், எங்கள் எண்ணே உறுதியானது. உறவும் கெடவில்லை.

ஒப்பந்த வேலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, இந்தத் துறையில் எந்த நல்ல வக்கீலும் அதைச் செய்வார். இருந்தாலும் ஒரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். காலங்காலமாக எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை சரக்குக்கு நாமே பொறுப்பு) என்றே எழுதி வந்தோம். கன்டெய்னரில் போகும் சரக்கை நாம் டெர்மினலில் ஒப்படைத்துவிடுகிறோம், கப்பலில் ஏறுவது அதற்குப் பிறகு. இடையில் சரக்குக்கு ஏதாவது ஆனால் எஃப்.ஓ.பி.-யில் நட்டம் நம் தலையில். எஃப்.சி.ஏ. (வாங்குபவரின் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடியும்) என்று மாற்றுங்கள் என்றார். "எல்.சி. வாங்குற வங்கி கப்பலில் ஏற்றியாச்சுன்னு குறிப்பு போட்ட பில் ஆஃப் லேடிங் கேட்குமே மேடம்" என்றேன். எல்.சி. என்பது வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதிக் கடிதம், பில் ஆஃப் லேடிங் கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது. இப்படிப்பட்ட விற்பனை விதிகளின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் எஃப்.சி.ஏ. விதியிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள், அந்தக் குறிப்போடு பில் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தோம். அதோடு, பொருள் விற்பனை ஒப்பந்தங்களுக்கான 1980 வியன்னா உடன்படிக்கை எந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும், எதில் விலக்கலாம் என்று வாடிக்கையாளர் வாரியாகச் சொன்னார். தகராறு வந்தால் நடுவர் மன்றம், அதன் இருக்கை எங்கே, மொழி எது, நடுவர் ஒருவரா மூவரா என்பதை எல்லாம் எழுத்தில் வைத்தார். நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற 1958 நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது, 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புக்கு அவ்வளவு அகலமான பாதை கிடையாது.

இனி, அவருடைய உண்மையான திறமையை நாங்கள் பார்த்த இடத்துக்கு வருகிறேன்.

நாங்கள் அதிகம் விற்கும் ஒரு நாட்டில், அங்குள்ள உற்பத்தியாளர்கள் புகார் கொடுத்து ஆன்டி டம்பிங் விசாரணை தொடங்கியது. உள்நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைவாக வெளிநாட்டுக்கு விற்கிறோம், அதனால் அவர்கள் தொழில் நசிகிறது என்பது குற்றச்சாட்டு. வினாத்தாள் வந்தது. பக்கங்களைப் பார்த்தே தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஓராண்டில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் போட்ட ஒவ்வொரு இன்வாய்ஸும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் போக்குவரத்து, பேக்கிங், கமிஷன், கடன் நாள், தள்ளுபடி. அதோடு ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் உற்பத்திச் செலவு.

பதில் சொல்ல, உலக வர்த்தக அமைப்பின் ஆன்டி டம்பிங் உடன்பாட்டின்படி குறைந்தது 30 நாள் தர வேண்டும். அனுப்பிய ஒரு வாரம் கழித்துக் கிடைத்ததாகக் கணக்கு வைப்பார்கள். காரணம் காட்டினால் நீட்டிப்பும் கேட்கலாம். பதில் சொல்லாமல் விட்டாலோ அரைகுறையாகச் சொன்னாலோ, கையில் இருக்கும் தகவலை வைத்து அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். அந்தக் கையில் இருக்கும் தகவல் என்பது பெரும்பாலும் புகார் கொடுத்தவர்கள் எழுதியது. தெரிந்த ஒரு தொழிற்சாலைக்காரர், செலவு எதற்கு, வருவது வரட்டும் என்று விட்டுவிட்டார். அவர் மீது விழுந்த வரியோடு அந்தச் சந்தையே அவருக்கு மூடிப்போனது.

வக்கீலம்மா வினாத்தாளோடு நேராகத் தொழிற்சாலைக்கு வந்தார். பைப் வெட்டும் இடத்திலிருந்து பேக்கிங் வரை தம்பியோடு நடந்தார். கச்சாப் பைப் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, "இந்த அடுக்குக்கும் அந்த அடுக்குக்கும் ஏன் வேற வேற லேபிள்?" என்று கேட்டார். ஒன்று மூட்டே இல்லாத சீம்லெஸ் பைப், மற்றது மூட்டைப் பற்றவைத்த வெல்டு பைப். சீம்லெஸ் விலை கணிசமாக அதிகம். உள்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சீம்லெஸ்ஸில் செய்த ஃபிட்டிங்கைக் கேட்கின்றன, அந்த நாட்டுக்குப் போவது பெரும்பாலும் வெல்டு. இது எங்களுக்கு அன்றாடம். வினாத்தாளில் பொருளை வகைப்படுத்தக் கொடுத்திருந்த குறியீட்டில் வடிவம் இருந்தது, கிரேடு இருந்தது, அளவு, கனம் எல்லாம் இருந்தது. சீம்லெஸ்ஸா வெல்டா என்பதற்கு மட்டும் இடம் இல்லை. அப்படியே பதில் கொடுத்திருந்தால் உள்நாட்டு சீம்லெஸ் எல்போவின் விலையை ஏற்றுமதி வெல்டு எல்போவின் விலையோடு வைத்துப் பார்த்திருப்பார்கள். பெரிய டம்பிங் வித்தியாசம் காகிதத்தில் தானாக முளைத்திருக்கும்.

அன்று இரவே விசாரணை அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும், விலையைப் பாதிக்கும், பொருளின் தன்மையில் உள்ள வேறுபாடுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது ஆன்டி டம்பிங் உடன்பாட்டின் பிரிவு 2.4. அதைச் சுட்டி, எங்கள் கொள்முதல் விலையைச் சான்றாக வைத்து, குறியீட்டில் இன்னொரு இலக்கம் சேர்க்கக் கேட்டார். சேர்த்தார்கள். இந்த ஒரு கடிதத்துக்காகவே அவருக்குக் கொடுத்த மொத்தக் கட்டணமும் தகும் என்று நினைக்கிறேன். சட்டம் மட்டும் படித்தவருக்கு அந்த இரண்டு லேபிள் கண்ணில் பட்டிருக்காது.

அதே பிரிவை வைத்து இன்னும் பல சரிக்கட்டல்களைக் கேட்டார். உள்நாட்டில் நாங்கள் டீலருக்குச் சில்லறை அளவில் மாதக்கணக்கில் கடனுக்குக் கொடுக்கிறோம். வெளிநாட்டுக்கு கன்டெய்னர் கணக்கில், எல்.சி.-யில். கடனுக்கு விற்ற ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் சரக்கு போன நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடைப்பட்ட வட்டியைக் கணக்கிட்டு உள்நாட்டு விலையிலிருந்து கழிக்கச் செய்தார். இந்த அட்டவணையைத் தயாரிக்க என் பிரிவில் இருந்த பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆனால் கழிந்த ஒவ்வொரு தொகையும் எங்கள் பக்கம் நின்றது.

உற்பத்திச் செலவில் இன்னொரு கண்ணி இருந்தது. உள்நாட்டில் செலவுக்கும் கீழே விற்ற விற்பனை 20 விழுக்காடு அளவை எட்டினால் அவற்றை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய உயர்ந்த விலைகளை மட்டும் வைத்து ஒப்பிட அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. எங்கள் காஸ்ட் ஷீட்டில் வெட்டுக் கழிவு விற்ற வருமானம் எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படவில்லை. ஸ்டெயின்லெஸ் கழிவுக்கு நல்ல விலை உண்டு, அதைக் கழிக்காவிட்டால் செலவு செயற்கையாக ஏறும், பல விற்பனைகள் நட்ட விற்பனையாகத் தெரியும். கழிவு எடைப் பதிவேட்டையும் விற்பனை ரசீதையும் வைத்து வகை வாரியாகப் பிரிக்க எங்கள் காஸ்ட் அக்கவுண்டன்ட்டோடு அவரும் உட்கார்ந்தார். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும் வக்கீலை அதுவரை நான் பார்த்ததில்லை.

எல்லாம் கொடுத்த பிறகு அதிகாரிகள் நேரில் வந்து சரிபார்ப்பார்கள். எழுதிக் கொடுத்தது உண்மையா என்று உங்கள் புத்தகத்தில் தேடுவார்கள். அதற்கு முன்பு வக்கீலம்மா எங்களுக்கு ஒரு ஒத்திகை வைத்தார். ஏதாவது ஒரு இன்வாய்ஸை எடுத்து, "இதுக்கு ஆர்டர் எங்கே, அனுப்பின சீட்டு எங்கே, லெட்ஜரில் எந்தப் பக்கம், வங்கியில் பணம் வந்த வரி எது" என்று கேட்டார். மொத்த விற்பனையை ட்ரையல் பேலன்ஸோடும் (எல்லாக் கணக்கின் இருப்புப் பட்டியல்), அதைத் தணிக்கை செய்த கணக்கோடும் பொருத்திக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் யார் பதில் சொல்ல வேண்டும் என்று பெயர் எழுதி ஒட்டினார். எங்கள் ஆட்களுக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா, பார்த்துச் சொல்றேன்னு சொல்லுங்க. குத்துமதிப்பா எதையும் சொல்லாதீங்க."

அதிகாரிகள் வந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மிகக் குறைவாகவே பேசினார். கழிவு பற்றிய கேள்வி வந்தது, காஸ்ட் அக்கவுண்டன்ட் பதிவேட்டை நீட்டினார், அவர்கள் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். வக்கீல் குறுக்கே விழுந்து வாதாடுவார் என்று தம்பி எதிர்பார்த்தான். வாதாட ஒன்றும் இல்லாதபடி முன்பே வேலை முடிந்திருந்தது.

இறுதி முடிவுக்கு முன்பு, எந்தத் தகவலை வைத்து முடிவெடுக்கப் போகிறோம் என்பதை அதிகாரிகள் நமக்கு வெளிப்படுத்த வேண்டும். அந்தக் காகிதம் வந்த அன்று அவர் வேறு வேலையைத் தொடவில்லை. சில இன்வாய்ஸுகளில் போக்குவரத்துக் கட்டணத்தை இரண்டு முறை கழித்திருந்தார்கள், அதனால் எங்கள் ஏற்றுமதி விலை குறைவாகத் தெரிந்தது. சுட்டிக் காட்டினார், திருத்தினார்கள். முடிவில் எங்களுக்கென்று தனி விகிதம் கிடைத்தது. ஒத்துழைக்காதவர்கள் மீது விழுந்ததில் பாதிக்கும் கீழே. வரி இல்லாமல் தப்பிக்கவில்லை, அதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். தப்பிக்க வேண்டுமானால் வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். "உங்க புத்தகத்தைப் பார்த்தா அது நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று நேராகவே சொன்னார். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது.

குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்க மாட்டோம் என்று உறுதிமொழி கொடுத்தால் வரியிலிருந்து விலக்கு பெறலாம் என்ற யோசனையும் நடுவில் வந்தது. தம்பிக்கு அது பிடித்திருந்தது. வேண்டாம் என்றார். ஸ்டெயின்லெஸ் விலை நிக்கல் விலையோடு ஏறி இறங்குவது. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 1,00,000 டாலரைத் தாண்டி எகிறியதையும், வர்த்தகத்தையே நிறுத்தி வைத்ததையும் நினைவூட்டினார். அப்படிப்பட்ட கச்சாப் பொருளை வைத்துக்கொண்டு ஒரு நிலையான விலைக்கு உறுதி கொடுத்தால், நிக்கல் இறங்கும்போது போட்டியாளர் எல்லாரும் விலையைக் குறைப்பார்கள், நாங்கள் மட்டும் பழைய விலையில் மாட்டிக்கொண்டிருப்போம். சட்டக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில் எங்கள் தொழிலின் பதிலாக இருந்தது.

வரி விதித்த நாட்டின் மீது உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடலாமா என்று தம்பி கேட்டான். பலர் இதைக் கேட்பதால் விளக்குகிறேன். அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் வழக்காடும் உரிமை அரசுகளுக்குத்தான், கம்பெனிகளுக்கு இல்லை. நம் அரசை நாம் கேட்டுக்கொள்ளலாம், எடுப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு. எங்கள் சரக்குக்கே ஒரு பழைய வழக்கு உண்டு என்று அவர்தான் சொன்னார். பிரேசிலில் இருந்து வந்த வார்ப்பிரும்புப் பைப் ஃபிட்டிங் மீது ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) விதித்த வரியை எதிர்த்து பிரேசில் வழக்குத் தொடர்ந்தது. 2003-இல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. பிரேசில் வைத்த பல வாதங்கள் எடுபடவில்லை. ஆனால் உள்நாட்டுத் தொழிலுக்கு ஏற்பட்ட பாதிப்பை ஆராய்ந்த ஒரு குறிப்பை விசாரணையின்போது ஏற்றுமதியாளருக்குக் காட்டாமலேயே வைத்திருந்தது தவறு என்று தீர்ந்தது. கோப்பில் இருப்பதைப் பார்க்கும் உரிமை எவ்வளவு கனமானது என்று எங்களுக்குப் புரிய வைக்கவே அதைச் சொன்னார். எங்கள் விசாரணையிலும் பொதுக் கோப்பை அடிக்கடி போய்ப் பார்க்க ஆள் வைத்திருந்தார்.

இன்றைக்கு ஜெனீவா நிலையும் சரியில்லை. ஏழு பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்பில் புதிய நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரில் இருந்து அது வழக்கு கேட்க முடியாமல் கிடக்கிறது. கீழே தோற்ற நாடு மேல்முறையீடு என்று சொல்லி வழக்கை அங்கேயே நிறுத்தி வைத்துவிடலாம். 2020-இல் சில நாடுகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு மாற்று நடுவர் ஏற்பாடு செய்துகொண்டன, எல்லா நாடும் அதில் இல்லை. இதைக் கேட்டபின் தம்பியும் அந்தப் பேச்சை விட்டான். வழக்கே வேண்டாம் என்று சொல்லித் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வக்கீலை நம்பலாம்.

அவருடைய பாதையைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் என் அக்கா மகள் இந்தத் துறைக்கு வர ஆசைப்பட்டு அவரோடு நீண்ட நேரம் பேசினாள், நான் பக்கத்தில் இருந்தேன். சட்டம் படிக்கும்போதே வியன்னாவில் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடக்கும் வில்லெம் விஸ் மாதிரி நடுவர் வழக்குப் போட்டியில் கலந்துகொண்டிருக்கிறார், அங்கேதான் விற்பனை ஒப்பந்தச் சட்டத்தின் மீது பிடிப்பு வந்தது என்றார். பிறகு ஒரு அரசுத் தூதுக்குழுவின் சட்ட ஆலோசகர்களில் ஒருவராக ஜெனீவாவில் சில ஆண்டுகள். தனியார் வக்கீல்கள் அங்கே வழக்கு நடக்கும் அறைக்குள் போக முடிந்ததே பெரிய சண்டைக்குப் பிறகுதான் என்று சொன்னார். 1997-இல் வாழைப்பழ வழக்கில் செயின்ட் லூசியா என்ற சிறிய தீவு நாடு வெளி வக்கீல்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ளக் கேட்டது. தன் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்று மேல்முறையீட்டு அமைப்பு சொன்ன பிறகுதான் இந்தத் தொழிலுக்கே அங்கே வாசல் திறந்தது. பெரிய நாடுகளுக்குச் சம்பளம் கொடுத்து வைத்த வக்கீல் படை இருந்தது, சிறிய நாடுகளுக்கு இல்லை. வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை தருவதற்கென்றே 2001-இல் ஜெனீவாவில் ஒரு ஆலோசனை மையமும் தொடங்கினார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதையை நான் கவனித்தேன்.

அக்கா மகளுக்கு அவர் கொடுத்த அறிவுரை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "சட்டம் நீ படிச்சிடுவம்மா. அதோட காஸ்ட் அக்கவுண்டிங் கத்துக்கோ. ஒரு தொழிற்சாலைக்குள்ள போய் நாலு நாள் நின்னு பாரு. என் வேலையில பாதி எக்செல் ஷீட்டுதான்." பெரிய மன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் நாள் ஆண்டில் மிகக் குறைவு, மீதி நாளெல்லாம் வாசிப்பதும் கூட்டிச் சரிபார்ப்பதும் காலக்கெடுவைத் துரத்துவதும்தான் என்றார். நேர வேறுபாட்டால் நள்ளிரவில் அழைப்புகள் வரும் என்றும் மறைக்காமல் சொன்னார். அவளுக்கு ஆசை குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே எடுத்தார். சாதாரண 304, 316 கிரேடுக்குப் பயமில்லை. நிக்கல் 25, குரோமியம் 20 விழுக்காட்டைத் தாண்டும் கலவையில் செய்த சில வகை வால்வுகள் ரசாயன ஆயுதத் தடுப்புக்காகப் பல நாடுகள் சேர்ந்த ஆஸ்திரேலியா குழுவின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. வால்வுப் பக்கமும் போகலாம் என்று தம்பி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்பெஷல் கிரேடு ஆர்டர் வந்தால் விலை சொல்வதற்கு முன்பே அழையுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. விசாரணை நடக்கும் நாட்டில் அங்கே பதிவு பெற்ற வக்கீல் ஒருவரும் வேண்டியிருந்தது. அவருடைய கட்டணம் தனி என்பது எங்களுக்கு முதல் மதிப்பீட்டில் தெளிவாக வரவில்லை, பில் வந்த பிறகுதான் புரிந்தது. நீங்கள் போகும்போது இதை எழுத்தில் கேளுங்கள். மொழிபெயர்ப்புச் செலவும் அப்படித்தான், ஆவணங்கள் அந்த நாட்டு மொழியில் போக வேண்டியிருந்தால் அது சிறிய தொகையாக இருக்காது. அலுவலகத்தில் இளைய வக்கீல்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பொருள் வகைகளைப் புதிதாக வருபவருக்கு நாங்கள் மறுபடி மறுபடி விளக்க வேண்டியிருந்தது, அந்த நேரத்துக்கும் மணிக்கணக்கில் பில் விழுந்தது. கேட்டபோது குறைத்தார்கள், ஆனால் நாங்கள் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் தரும் எழுத்துக் கருத்துரைகள் என்னைப் போன்ற கணக்குக்காரனுக்கே கடினம். வக்கீலம்மா தொலைபேசியில் அரை மணியில் தெளிவாகச் சொல்வது காகிதத்தில் இருபது பக்கமாக வருகிறது. முதல் பக்கத்தில் முடிவை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டோம், இப்போது அப்படி அனுப்புகிறார்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, விசாரணை போன்ற பெரிய வேலைக்குக் கட்டம் கட்டமாக மொத்தத் தொகை பேசிக்கொள்ளுங்கள். வினாத்தாள் பதில் ஒரு கட்டம், நேரடிச் சரிபார்ப்பு ஒரு கட்டம், வெளிப்படுத்தலுக்குப் பிறகான வாதம் ஒரு கட்டம். மணிக்கணக்கு சிறிய ஆலோசனைக்கு மட்டும் போதும். எப்போதாவது ஒரு கன்டெய்னர் அனுப்புகிறவருக்கு இப்படிப்பட்ட வக்கீல் தேவையில்லை. நல்ல சுங்கத் தரகரும், ஒருமுறை சரியாக எழுதி வைத்த ஒப்பந்தப் படிவமும் போதும். ஒரே நாட்டுக்குத் தொடர்ந்து பெரிய அளவில் போகிறதா, அந்த நாட்டுத் தொழில்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறார்களா, அப்போது தாமதிக்காதீர்கள். வினாத்தாள் வந்த பிறகு தேடத் தொடங்கினால் அந்த 30 நாளில் பாதி வக்கீலைத் தேடுவதிலேயே போய்விடும்.

ஆன்டி டம்பிங் வரி ஐந்தாண்டுக்கு மேல் தானாகத் தொடராது. நீடிக்க வேண்டுமானால் மறுஆய்வு நடத்த வேண்டும். எங்கள் வரிக்கும் அந்தக் காலம் வரும். அதற்கும் அவரிடமே பேசி முடித்துவிட்டோம். சீம்லெஸ், வெல்டு கொள்முதலைத் தனித்தனிக் கணக்குத் தலைப்பில் எழுதத் தொடங்குங்கள் என்று இப்போதே பட்டியல் அனுப்பியிருக்கிறார், சென்ற மாதத்திலிருந்து அப்படித்தான் எழுதுகிறோம்.